இருபது வளைவுக்கு மேலே

கிச்சிப்பாளையத்தில் மே மாதம்
குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும்.
அதில் காத்து நிற்காது என்று
அன்வர்தீன் மெஷினைத் தொடவே மாட்டான்.
"ஐஸ் வரட்டும்."
ஐஸ் வரும், சாக்கில், உமி ஒட்டி,
பாதி தெருவிலேயே ஒழுகியபடி.
தொட்டி குளிர்ந்த பிறகுதான்
சிலிண்டர் திருகு திறக்கும்.
குளிர்ந்த தண்ணீர் இடம் கொடுக்கும்;
மிச்சத்தை அழுத்தம் திணிக்கும்,
ஐந்து ரோட்டு பஸ்ஸில் கண்டக்டர்
"உள்ள போ, உள்ள போ" என்று திணிப்பதைப் போல.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு.
பன்னீர் சோடாவுக்குப் பாகு.
அங்கே சட்டம் நேர் எதிர்.
சர்க்கரை பச்சைத் தண்ணீரில் அடம் பிடிக்கும்,
அடியில் மணலாய் உட்கார்ந்து
கரண்டியை உரசும்.
சூடேற ஏற,
இன்னும் ஒரு படி கொட்டு, இன்னும் ஒரு படி,
வாங்கிக்கொண்டே இருக்கும் அண்டா.
லீ பஜாரில் மலிவென்று ஒருமுறை
கற்கண்டு வாங்கி வந்தேன்.
இடித்துப் போடும்வரை அது மசியவில்லை.

ஒரே தண்ணீர்தான்.
ஒருத்தருக்குச் சூடு வாசல்,
ஒருத்தருக்குச் சூடு துரத்துகிற கம்பு.
இரண்டு அறைக்கும் நடுவே நடந்தே
எனக்கு ஒன்பது வருஷம்.

விடியலுக்கு முன் வேனை எடுப்பேன்,
எட்டு கிரேட், கோடை விழாக் கடைகளுக்கு.
ஏழாவது வளைவில் காது அடைக்கும்.
பன்னிரண்டில் திறந்துகொள்ளும்.
மலைக்கு மேலே திறந்த பாட்டில்
கீழே சீறியதைவிடக் கொஞ்சம் கூடச் சீறும்.
வெளியே காற்று லேசாகிவிட்டது
அதற்கும் தெரியும் போல.
அன்வர்தீன் இதை ஒத்துக்கொள்வதில்லை.
அவன் மலையேறியதே இல்லை.

அன்று ஏற்காட்டு ஏரியில்
மீன்கள் வாயை வெளியே வைத்திருந்தன.
நூறு, இருநூறு, வட்ட வட்டமாய்,
நெரிசல் பஸ்ஸின் ஜன்னலில்
முகம் வைத்தவர்கள் போல.

படகுத்துறை வெள்ளையன் படியில் நின்றிருந்தார்.
"நாலு நாளா காத்தே இல்லம்மா.
மேலயும் இந்த வருஷம் சூடு.
லைசென்ஸ் தகராறுல படகெல்லாம் கட்டிக் கெடக்கு.
தண்ணியக் கலக்க ஆளில்ல."

வேனைப் பார்த்தார்.
"உங்கிட்ட இருக்கறதும் காத்துதானே,
நாலு கிரேட் ஊத்திப் பாப்பமா?"
அவர் சிரிக்கவில்லை. நானும்.
"இது நாம வெளிய விடற காத்துங்க.
அதுங்களுக்கு வேண்டியது வேற."
"காத்துலயும் சாதியா" என்றார்.

பூட்டை அவரே உடைத்தார்.
இரண்டு துடுப்பு. எனக்குப் பழக்கமில்லை,
போட்ட போடு பாதி மேலேயே தெறித்தது.
"அப்படித்தான், தெறிக்கட்டும்."
தெறித்த ஒவ்வொரு துளியும்
ஒரு கணம் காற்றில் நனைந்து விழுந்தது.
ஏரி பெரிது. கரண்டி சிறிது.
சர்க்கரை என்றால் கலக்கக் கலக்க
குறைவது கண்ணுக்குத் தெரியும்.
இது தெரியாது.
வந்ததா, எவ்வளவு வந்தது,
நாக்கில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை.

எட்டு மணிக்குக் காவலாள் விசிலடித்தான்.
வாய்கள் குறைந்திருந்தன.
வெளிச்சம் பட்டால் பாசி மூச்சு விடுமாம்,
அதனாலும் இருக்கலாம்.
எங்களாலும் இருக்கலாம்.
கரையோரம் வெள்ளையாய் ஒதுங்கியவற்றை
இருவரும் எண்ணவில்லை.

உப்பு சோடா கேட்டார்.
எலுமிச்சை பிழிந்து ஒரு சிட்டிகை போட்டேன்.
உப்பு உள்ளே இறங்க,
காற்று முண்டியடித்துப் பொங்கி
அவர் கையெல்லாம் நுரை.
உதட்டைக் குவித்து
அவசரமாய் மேலிருந்தே உறிஞ்சினார்.
நான் ஏரியைப் பார்க்காமல் இருந்தேன்.

இன்னும் ஐந்து கடை பாக்கி.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.