முதலில் கல், பிறகு மணல்

அல்மாத்தியில் கடல் மூட்டையில் வருகிறது.
இருபது கிலோ வெள்ளைப் பொடி.
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
காஸ்பியனைக் கடல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.
அதுவும்கூட இங்கிருந்து ரயிலில் இரண்டு நாள்.

முதல் தடவை அழகாகத்தான் அடுக்கினேன்.
மணலை நிரவி, உள்ளங்கையால் தடவி,
விரிப்பின் மேல் கோப்பை வைப்பதுபோல்
கல் மேல் கல்.
உச்சியில் குடை மாதிரி ஒரு தட்டைக் கல்.
வேரைப் பார்க்காமல் பல்லுக்குத் தொப்பி மாட்டாதே என்று
பகலெல்லாம் பயிற்சிப் பிள்ளைகளை அதட்டுகிறவள்
வீட்டில் அதைத்தான் செய்தேன்.

பிறகு அவர்கள் குடிவந்தார்கள்:
கண் சரியாகத் தெரியாத ஒரு சொடுக்கு இறால்,
அதற்குக் காவலாய் ஒரு கோபி மீன்.
இறால் தோண்டும். மீன் வாசலில் நிற்கும்.
இறாலின் மீசை ஒன்று
மீனின் வாலை விடாது தொட்டிருக்கும்.
கொடுக்கு நிறைய மணலைத் தள்ளிக்கொண்டு வந்து
கொட்டிவிட்டு
மறுபடி உள்ளே.
தேநீர் ஆறும்வரை ரசித்தேன்.
எறும்பு ஊரக் கல் தேய எத்தனை காலமோ,
இறால் தோண்டக் கல் சாய
பதினொரு நாள்.

இரவு இரண்டரைக்கு ஒரே ஒரு சத்தம்.
குடைக் கல் குப்புறக் கிடக்கிறது.
கண்ணாடியில் முடி போல ஒரு கீறல்,
அதன் நுனியில் கோத்து நிற்கும் ஒரு சொட்டு.
கீழ்வீட்டு ரைசா இல்யினிச்னா
ஏற்கெனவே ஒருமுறை
என் கடலைத் தன் விட்டத்தில் பார்த்தவர்.
விடியும்வரை வாளி வாளியாக மொண்டேன்,
இருவரையும் சூப் பானையில் வைத்து.

“கல் கண்ணாடியைத் தொட்டு நிக்கணும்,”
என்றான் கடைக்காரன் தௌரென்.
“மணல் அப்புறம் வந்து சுத்திக்கட்டும்.”
இதை விற்கும்போதே சொல்லியிருக்கலாமே?
“நீங்க கேக்கலை.”

இரண்டாவது தொட்டி.
அடியில் பிளாஸ்டிக் வலை, பாரம் பரவ.
வேருள்ளதுபோல் மூன்று காலில் நிற்கும் கற்களாய்ப் பொறுக்கினேன்.
துளையிட்டு, அக்ரிலிக் கம்பி செருகி,
இரண்டு நிறப் பசையை ஒரு நிறமாகும்வரை பிசைந்து
(உள்ளங்கையில் அது சூடேறும், உயிருள்ளதுபோல)
இடுக்கில் அப்பினேன்.
மறுநாள் ஒவ்வொன்றாய் ஆட்டிப் பார்த்தேன்,
பல்லை ஆட்டிப் பார்க்கும் அதே இரு விரலால்.
கடைசியில்தான் மணல்.
குழாய் வழியாக, கோப்பை கோப்பையாக.
இரண்டு நாள் தண்ணீர் பாலாகிக் கிடந்தது.

ஜனவரியில் நிலம் ஆடியது.
எல்லோரும் முற்றத்தில்.
மைனஸ் பன்னிரண்டு.
ஒருவர் கையில் பூனை, ஒருவர் கையில் பத்திரங்கள்,
ஒருவர் கையில் ஏனோ இஸ்திரிப் பெட்டி.
இரவுடைமேல் ரோமக் கோட்டு மாட்டிய ரைசா
என்னைத் தேடி வந்து கேட்டார்:
“உன் கல்லு?”

மேலே ஏறினோம், டார்ச்சோடு, இருவரும்.
தரைப் பலகையில் இரண்டு வாளி கடல்.
கல் நின்றது.
மணல்தான் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கி,
மறுமூலையில் கல்லின் பாதம்
வெறும் கண்ணாடியில் ஊன்றியிருப்பது தெரிந்தது.
வளை இருந்த இடம் தெரியவில்லை.

மின்சாரம் இல்லை, பம்பு ஓடவில்லை.
அகப்பையால் மொண்டு, உயரத் தூக்கி, ஊற்றினேன்,
தண்ணீருக்குள் கொஞ்சம் காற்று போகட்டும் என்று.
கை வலித்ததும் ரைசா வாங்கிக்கொண்டார்.
பிறகு நான். பிறகு அவர்.
நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.
நடுவில் ஒருமுறை நிலம் மறுபடி சிலிர்த்தது,
அகப்பை நிற்கவில்லை.

ஜன்னல் வெளுக்கும் நேரம்
மணலில் ஒரு குழி விழுந்தது, கடுகளவு.
ஒரு மீசை.
அதற்கு முன்னால், வெடுக்கென்று, மீன் தலை.
பிறகு முதல் கொடுக்கு மணல் வெளியே வந்து விழுந்தது,
நேற்று விட்ட வேலைபோல.

ரைசா குனிந்து பார்த்தார்.
“இது இப்படியே தோண்டிக்கிட்டுப் போனா
அடுத்தது என் வீடுதான்,” என்றார்.
டார்ச்சை அணைக்கவில்லை.