மூன்றடைப்பு

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் கிளம்பினால்
இருபதாவது கிலோமீட்டரில் நின்றுவிடும்.
பத்தொன்பதில் நின்றதில்லை.
இருபத்தொன்றைப் பார்த்ததில்லை.
ஊர்ப் பலகை மட்டும் கண் கூசாமல் தெரியும்:
மூன்றடைப்பு.

பேர் எப்படி வந்ததோ, அறியேன்.
எனக்குத் தெரிந்த அடைப்பும் மூன்றுதான்.
காற்று, பெட்ரோல், பொறி.

காற்றுக்கு இங்கே குறையா?
ஆரல்வாய்மொழியில் அவிழ்த்துவிட்டால்
ஆடியில் துப்பட்டாவோடு ஆளையும் கேட்கும்.
பெட்ரோல், கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால்
கைநிறைய வழிகிறது.
மிச்சம் பொறி.

மேலப்பாளையம் காஜா மைதீன்
விற்கும்போது சொன்னார்:
"எழுபத்திரண்டு மாடல். புல்லட் இல்லம்மா, புள்ள."
அந்தப் புள்ள
சூடேறும்வரை சமர்த்து.
சூடேறினால் ஓர் இருமல், ஒரு வெடி, அப்புறம் மூச்சில்லை.
அரைமணி ஆறவிட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே உதையில் எழும்பும்.

ஆறினபின் தேடினால் எந்த நோயும் அகப்படாது.
பிளக் மாற்றினேன். காயில் மாற்றினேன்.
பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்து
சிகரெட் தாள் சொருகி இடைவெளி பார்த்தேன்.
கிக்கரை மெள்ள அழுத்த
ஆம்மீட்டர் முள் சாய்ந்து மீண்டது,
டாக்டரிடம் நாக்கை நீட்டும் பிள்ளை மாதிரி.

பணகுடித் துணைமின் நிலையத்தில் எனக்கு இரவுப் பணி.
காற்றாடிகள் அரைத்து அனுப்பும்
நூற்றுப்பத்து கிலோவோல்ட்டைத்
திறக்கவும் மூடவும் சம்பளம் வாங்குகிறவள்.
ஆறு வோல்ட் என்னை
ரோட்டோரம் உட்கார வைத்திருக்கிறது.

டீக்கடைப் பொன்னுதிரவியம்
எட்டே முக்காலுக்கு ஸ்டூலை எடுத்து வெளியே போடுவார்.
"வந்துட்டியளா?"
லாரிக்காரர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு:
கலப்படப் பெட்ரோலாம். கிளட்சாம்.
"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கனம்?"
இந்தக் கடைசிக் கோளாறுக்கு
என்னிடம் ஸ்பேனர் இல்லை.

பதினோராம் தடவை நின்றபோதுதான் உறைத்தது:
ஆறவிடக் கூடாது.
காய்ச்சல் இருக்கும்போதே நாடி பார்க்கணும்.
விரல் பொசுங்கப் பாயின்ட் மூடியைக் கழற்றினேன்.
"அண்ணாச்சி, கடை லைட்டை அணைங்க."
"எதுக்கு?"
"அணைங்க. அணைச்சிட்டு வந்து உதைங்க."

சாரத்தை மடித்துக் கட்டி அவர் உதைக்க
நான் குத்தவைத்துப் பார்த்தேன்.
பாயின்ட் வாய் பிரியும் ஒவ்வொரு தடவையும்
மஞ்சளாய் ஒரு பொறி, கொழுத்த பொறி,
பிளக்குக்குப் போகவேண்டியது.
அடுப்படிக்குப் போகவேண்டிய நெருப்பு
வாசலிலேயே நின்று வம்பளக்கிறது.
இதைத்தான் இத்தனை நாளும்
டார்ச் அடித்துத் தேடியிருக்கிறேன்.

கண்டென்சர்.
சுண்டுவிரல் நுனியளவுத் தகர உருளை.
குளிரில் உழைக்கும், சூட்டில் கைவிடும்.

மறுநாள் காலை பணி முடிந்து வரும் வழியில்
நாங்குநேரி நம்பிராஜன் டிவி கடை.
செத்த போர்டு ஒன்றிலிருந்து பிடுங்கிக் கொடுத்தார்:
பாயின்ட் இருபத்திரண்டு மைக்ரோஃபாரட்,
அறுநூற்று முப்பது வோல்ட்,
பெரிய புளியங்கொட்டை மாதிரி ஒரு சாமான்.
"எந்த டிவிக்கு?"
"புல்லட்டுக்கு."
காசு வாங்க மறந்து நின்றார்.
இஞ்சின் சூடு அண்டாமல்
சீட்டுக்குக் கீழே, பேட்டரி ஓரம்
ஒயரை நீட்டிக் கட்டிவைத்தேன்.

அன்று ராத்திரி
பத்தொன்பது.
இருபது.
பலகை வந்தது. போனது.
ஸ்டூலைப் போட்டுவிட்டு
டீயை ஆற்றிக்கொண்டே ரோட்டுக்கு வந்த பொன்னுதிரவியம்
மேலே தூக்கின கையை இறக்காமல்
பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.
நிறுத்தலாம்.
நிறுத்தினால் திரும்ப எழும்புமா?
முள் நடுங்கிக்கொண்டிருந்தது, என் மணிக்கட்டும்.
ஒரு மரியாதைக்கு ஹாரனை அழுத்தினேன்.

ஹாரன் அடிக்கவில்லை.