பதினேழு காலியில்லை

மாங்குளம் சந்தியில்
ரயர் ஒட்டும் கடைக்கு மேலே
பவளராணியின் கந்தோர்.
கீழே காற்றடிக்கும் மெசின் இரைந்தால்
மேலே மேசை நடுங்கும்,
பிளேன்ரீ நடுங்கும்,
அவள் மட்டும் திரையை விட்டு அசையமாட்டாள்.

நான் கம்பிக்காரன். ஏணி என்னுடையது.
கணினிகள் எப்படி ஒன்றையொன்று கூப்பிடும் என்று
ஒரு மழைநாள் சும்மா கேட்டுவைத்தேன்.

புதிதாய் வந்த கருவி
முதலில் வெளியைப் பார்த்துக் கத்துமாம்:
'இந்த இலக்கத்தில் ஆராவது இருக்கிறியளா?'
கொஞ்சம் பொறுக்கும். திரும்பக் கேட்கும்.
ஒருவரும் வாய் திறக்காவிட்டால்
இலக்கம் அதற்கு.

'எத்தனை தரம் கேட்கும்?'
'மூண்டு.'
'மூண்டே தரமோ?'
'எல்லாம் சேர்த்து ஆறேழு செக்கன்.'

படிப்பு வவுனியாவில்,
சம்பளம் கொழும்பில், பிறகு சிங்கப்பூரில்.
அங்கே நாற்பதாயிரம் போன்களுக்கு
விலாசம் பங்கிட்டவள்.
எட்டு மணித்தியாலக் குத்தகை;
தவணைக்குள் வந்து புதுப்பிக்காவிட்டால்
அடுத்தவனுக்கு.

இரண்டு கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை உண்டு.
பத்திரத்தில் அவள் பெயர் நாலாவதாய்,
எழுத்துப்பிழையோடு.
முதலாவது, ஒரே இலக்கத்துக்குப் பின்னால்
ஆயிரம் பேரை ஒதுக்கிவைக்கும் வித்தை.
'அது எனக்கு லேசாய் வந்தது.
ஒரு தறப்பாளுக்குக் கீழே ஒன்பது பேர் இருந்தனாங்கள்'
என்று சிரித்தாள்.
எங்கள் தறப்பாளுக்குக் கீழே பதினொரு பேர்.
நானும் கொஞ்சம் சிரித்தேன்.

இரண்டாவது,
பதில் தராத கருவியைத்
தொண்ணூறு செக்கனில் இல்லையென்று முடிவுகட்டி
இலக்கத்தைப் பறித்தெடுப்பது.
போனஸ் தந்தது அதற்குத்தான்.

குளத்துத் துரிசுகளில்
நீர்மட்டம் பார்க்க அறுபத்துமூன்று பெட்டி வைத்தோம்.
யானை கம்பத்தைச் சாய்க்கும்.
குரங்கு வயரைக் கடிக்கும்.
காலபோக மழையில் ஒரு கிழமை வெயில் வராது;
தகடு இருண்டு பெட்டி பேச்சை நிறுத்தும்.
பதினேழு நிறுத்தியது.
அவளுடைய பழைய நிரல்
அதன் இலக்கத்தை
மூன்றாம் வாய்க்கால் புதுப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டது,
கணக்குப் பிசகாமல்.

ஐந்தாம் நாள் வெயில்.
பதினேழு எழும்பித் தன்னைக் கூப்பிட்டது.
'நான் இங்கே இருக்கிறேன்' என்றது
வேறொரு குரல்.
ஓர் இலக்கத்தில் இரண்டு தண்ணீர்;
எது எங்கே ஓடுகிறதென்று தெரியாமல்
திறக்கக்கூடாத கதவைத் திறந்தோம்.
ஞானசீலனின் ஆறு ஏக்கர்
குடலைப்பயிரோடு தாழ்ந்தது.

அணைக்கட்டில் குந்தி, மடியில் கணினி,
நுளம்பு மொய்க்க, விடியும்வரை எழுதினாள்.
'இருக்கிறது', 'இல்லை' என்று
இரண்டே இரண்டு சொல் இருந்த பட்டியலில்
மூன்றாவதாய் ஒன்று:
'பொறு.'
பேசாத பெட்டியின் இலக்கம்
பேசாத பெட்டிக்கே.

பழைய முகாமையாளர் அழைப்பில் கத்தினார்:
எவ்வளவு காலத்துக்கு? எவ்வளவு வீண்?
'இப்ப வந்திருக்கிற நீள இலக்கத்திலே
வன்னி நெல்மணி ஒவ்வொண்டுக்கும் குடுத்தாலும் மிஞ்சும்.
பஞ்சம் பழைய கதை, சேர்'
என்று போனை வைத்தாள்.

அவள் வீட்டுக் குடும்ப அட்டையில் ஆறு பெயர்.
அடுப்படியில் ஐந்து கோப்பை.
கிராம சேவகர் வருசா வருசம்
பேனை மூடியைத் திறப்பார்,
அவள் தாயின் முகத்தைப் பார்ப்பார்,
மூடுவார்.

இதையும் அதையும் முடிச்சுப் போட்டு
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
'விசர்க்கதை கதையாதை' என்றாள்.
'அது பெட்டி.'
கீழே மெசின் இரைந்தது.
பிளேன்ரீயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இன்று திரையில்
பதினேழாம் வரி திரும்பவும் மஞ்சள்.
குளவி கூடு கட்டியிருக்கும்,
அல்லது யானை,
அல்லது ஒன்றுமில்லை, வெறும் மேகம்.
சைக்கிளில் ஏணியைக் கட்டுகிறேன்.
பன்னிரண்டு கிலோமீற்றர்,
கிறவல் றோட்டு.