சாவி

காலையில் கிளம்புறேன், விளக்கை நீயே அணைச்சுக்கோ.
இந்த வரியை வெர்லீன் இரண்டு முறை பாடுவாள்,
ஒரு சொல்லும் மாறாமல்.
முதல் முறை அவனுக்கு.
அடுத்தது யாருக்கென்று நான் கேட்டதில்லை.
அப்போது குரல் கொஞ்சம் தணியும்,
கிதாரை நானும் தணிப்பேன்.

கிரீன்வுட்டில் ரயிலேறியபோது
ஷூ டப்பாவில் பொரித்த கோழி, இரண்டு பாவாடை.
வீட்டுச் சாவி கோட்டுப் பையிலேயே கிடந்ததை
மெம்ஃபிஸ் தாண்டித்தான் பார்த்தாளாம்.
எதிர் இருக்கைக் குழந்தை விழித்து அழும்வரை
சிரித்தாளாம்.

சிகாகோவில் அந்த முதல் குளிர்காலம்
சலவைக்கூட நீராவியில்
யார் யாருடைய சட்டைகளோ.
சனி இரவுகளில் இங்கே.
எந்தக் கதவுக்கும் பொருந்தாத அந்தச் சாவியால்
மேசையைத் தட்டித்தான்
எனக்குத் தாளம் எடுத்துக் கொடுப்பாள்.

போன வாரம் ஒரு பையன் கேட்டான்,
இது சோகப் பாட்டுதானே?
பியர் நுரையை ஊதித் தள்ளினாள்.
"சோகம் அந்த வீட்டுக்குள்ளே இருந்தது, கண்ணு.
நான் பாடுறது வாசப்படியை."

மூன்றாவது வரி மட்டும்
ஒவ்வொரு சனியும் வேறு.
அவளுக்கே தெரியாது என்ன வருமென்று.
பத்தொன்பது வருடமாக
அந்த இடம் வரும்போது
தந்தியில் விரலை வைத்தபடி
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.