குறிப்பு என்னும் கட்டம்

நொய்மூன்ஸ்டர் மண்டபத்தின் ஓரத்தில் என் மேசை,
காப்பி இயந்திரத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் நடுவே.
நவம்பரில் மூன்று நாள்
இரண்டரை வயதுப் பொலிகுதிரைகள்
ஒவ்வொன்றாய் என்னைக் கடந்து போகும்.
நான் குதிரையைப் பார்ப்பதில்லை.
எண்ணைப் பார்ப்பேன்.

முதலில் கல்தரையில் நடை.
குளம்பின் ஓசையிலேயே கோணல் கேட்கும் என்பார் தலைவர் லோரென்ட்சன்.
பிறகு கணுக்காலின் எக்ஸ்ரே, தொண்டைக்குள் குழாய்க் கேமரா,
விதைகள் இரண்டும் இறங்கினவா,
விந்தில் நீந்துவது எத்தனை சதவீதம்.
எல்லாம் சரியென்றால்
மணலில், முதுகில் ஆளின்றி, தாண்டவிடுவார்கள்.
ஐந்து பேர் கை தூக்குவார்கள்.
தேறியவன் கழுத்தில் ஓக் இலை மாலை.
தேறாதவனுக்குப் பெரும்பாலும்
அந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே காயடிப்பு.
நடுவில் ஒரு நிலை எங்கள் படிவத்தில் இல்லை.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாதாம்.
எனக்குச் சம்பளமே அதைக் கேட்பதற்குத்தான்.

எண் நாற்பத்தொன்று. கொபால்ட்.
கோர்வினின் மகன், ஆகவே அதே எழுத்து:
தந்தையின் முதலெழுத்தில்தான் மகன் பெயர் தொடங்கும்.
கடைசித் தடையில் அவன் எழும்பியபோது
பெஞ்சுகளில் திடீரென்று பேச்சு நின்றது.
அதனால்தான் நிமிர்ந்தேன்.
முன்கால்களை மார்புக்குள் மடித்து,
எதையோ ஞாபகம் வந்தவன்போல
மேலேயே கொஞ்சம் தங்கி,
பிறகுதான் இறங்கினான்.
லோரென்ட்சன் பேனாவைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை ஆய்வகத்தின் கடிதம்.
வேரோடு பிடுங்கிய இருபது பிடரிமயிர்
சொன்னது இவ்வளவே:
கோர்வின் இவன் தந்தை அல்ல.

ஃப்ரௌக்கே டெட்லெஃப்சன் என் மேசையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.
செவ்வாய்க்கிழமை விந்துக்குழல் வந்தது, ரசீது இருக்கிறது,
மருத்துவர் கையெழுத்து இருக்கிறது,
ஆயிரத்து நானூறு யூரோ கட்டியிருக்கிறேன்.
ரசீதில் தவறில்லை, என்றேன்.

மாலையில் பக்கத்துப் பண்ணை ஹென்னிங் பிரோடர்சன்
தொப்பியைக் கழற்றாமல் வந்து நின்றார்.
அந்த வாரம் வியாழன் ராத்திரி, என்று தொடங்கி
நிறுத்தி
ஓர் உறையை நீட்டினார். உள்ளே செம்மயிர்.
அவருடைய இரண்டு வயதுக் குதிரை.
பெயர் வைக்கவில்லை. தேர்வுக்குக் கொண்டுவரவில்லை,
முழங்கால் சற்று உள்வாங்கியிருந்ததாம்.
விடியலில் அது டெட்லெஃப்சன் புல்வெளியில் நிற்பதைக் கண்டு
சத்தமில்லாமல் ஓட்டிவந்து
அடுத்த வாரமே காயடித்துவிட்டார்.
இப்போது ஹுஸூமில் ஒரு சவாரிப் பள்ளியில்
எட்டு வயதுப் பிள்ளைகளைச் சுமக்கிறது.

வேலி எவ்வளவு உயரம்? லோரென்ட்சன் கேட்டார்.
கேட்டிருக்கக் கூடாது. அதற்கு விதியில் இடமில்லை.
ஒன்று நாற்பத்தைந்து. மேலே மின்கம்பி.
ஐவரும் பேசவில்லை.
காப்பி இயந்திரம் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.
நிலா இருந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

தந்தை ஏட்டில் இல்லை, மகனும் இல்லை.
கை தூக்க வேண்டிய தேவைகூட வரவில்லை.

வண்டியில் ஏற்றுமுன் ஃப்ரௌக்கே திரும்பி வந்தாள்.
அழுவாள் என்று காகிதக் கைக்குட்டையை நகர்த்தினேன்.
இனி இவன் பெயர்
எந்த எழுத்தில் தொடங்க வேண்டும், என்றாள்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்,
பாவனைக்கு அல்ல, நிஜமாகவே.
பெயரில்லாதவன் மகனைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
கூப்பிட்டால் திரும்புகிறானா?
கொபால்ட் என்றால் திரும்புகிறான்.
அப்படியே இருக்கட்டும், என்றேன்.

டிசம்பரில் அவனுக்கும் அது நடந்தது.

தந்தை என்னும் கட்டத்தில்
அளவுகோல் வைத்து மையால் கோடிழுத்தேன்.
குறிப்பு என்னும் கட்டத்தில் பென்சிலால்
வேலி, 1.45, இரவு.

தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு முறை
அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.