ஆறாம் கட்டம்

செய்த நிறுவனமே கைகழுவிப்
பதினெட்டு ஆண்டாகிவிட்ட பெட்டிக்கு
நாங்கள் இப்போதுதான்
ஒரு விளையாட்டு வெளியிடுகிறோம்.

உணவங்காடியில்
மிச்சத் தட்டுகளுக்கு அலையும் ஒரு மைனா.
அவ்வளவுதான் கதை.
எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள்
மைனா அடங்கிவிட்டது,
'ழ' அடங்கவில்லை.
பழத்தைத் தூக்கிவிட்டு
வடை என்று வைத்தோம்.
காக்கை கோபித்துக்கொள்ளட்டும்.

சிம் லிம்மில் சில்லு வாங்கி
பிடோக் வீட்டுச் சமையல் மேடையில்
ஹுவீ மின் பற்றவைத்தாள்,
இருபத்தைந்து.
ஒட்டுத்தாளில் அலகு மட்டும்
ஒரு மில்லிமீட்டர் தள்ளி அச்சாகியிருந்தது.

பொம்மைச் சந்தையில் மேசைக்கு நாற்பது வெள்ளி.
நின்றவர்கள் எல்லாரும்
ஒரே கேள்வி:
கைத்தொலைபேசியில் வருமா?

விற்றது ஏழு.
அதில் இரண்டு
பெட்டியே இல்லாத என் மாமாவுக்கு.

நேற்றிரவு யீஷூனிலிருந்து
ரோஸ்லான் என்பவர் அழைத்தார்.
கடுங்கோபம்.
ஆறாம் கட்டத்தில் பூனை
வழியை அடைத்துக்கொண்டு நகரவே இல்லையாம்,
மூன்று ராத்திரி வீணாம்,
காசைத் திருப்பிக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டேன்.
போனை வைத்ததும் கத்தினேன்:
"மின்! ஆறு வரைக்கும்
ஒருத்தர் போயிருக்கார்!"

நாங்களே
ஐந்தைத் தாண்டியதில்லை.