மூன்றாம் தரம்

பேரணாம்பட்டில் அறுப்பின் பண்டிகை.
வருஷா வருஷம் ஏலம் விடுவது நான்தான்.
ஒற்றை முட்டை நூறுக்குப் போனது.
கிருபாவதி கொண்டுவந்த பூசணிக்குத்
தோல் கம்பெனி சாலமோன் துரை
எடுத்த எடுப்பில் ஐயாயிரம் என்றார்.
கைதட்டல்.
கோயில் கூரை ஒழுகுகிறது; ஆயர் முகம் மலர்ந்தது.

ஒரு தரம்.
ரெண்டு தரம்.

கிருபாவதி எழுந்தாள்.
சுண்ணாம்புத் தொட்டி தின்ற விரல்கள்
முந்தானைக்குள் இருந்தன.
"பதினோரு வாரக் கூலி பாக்கி, ஐயா.
எனக்கும், அதோ கேட்டுக்கு வெளியே நிக்கிற
ஒடிசாப் பசங்களுக்கும்.
அதைக் குடுத்துட்டுக் காய் வாங்குங்க."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
முடித்துவிடு என்று கண்ணைக் காட்டினார் ஆயர்.
என் மகன் காலேஜுக்குத் துரை கட்டிய பணம்
தொண்டையில் வந்து நின்றது.
மூன்று என்ற சொல் வரவில்லை.

பூசணியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.
செருப்பை எங்கே விடுவது என்று
சைகையில் கேட்டான் ஒருவன்.
என்னுடையதன் பக்கத்தில், என்றேன்.

சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல்.
துரை சாப்பிடாமல் போய்விட்டார்.
சனிக்கிழமை நாலு வாரக் கூலி வந்ததாம்.
இன்னும் ஏழு.

ஏலத்தை நான் முடிக்கவில்லை.